அடக்கக் கூடாதவையும் அடக்க வேண்டியவையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு வேதாந்த நூல் ஒன்றை மொழிபெயர்க்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அது கோடைக்காலம். நூல் அச்சுக்குச் செல்லவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. காலைப் பூஜை முடிந்து மேசையின்முன் அமர்ந்தால், நண்பகல் உணவுக்கான மணி ஒலிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. தாகம் எடுக்கும், ‘இந்தப் பத்தி முடியட்டும்’ என்று இருந்துவிடுவேன். சிறுநீர் கழிக்கவேண்டும் என்ற உணர்வு எழும். ‘இந்தப் பக்கம் முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவேன். இதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. உடலின் தொல்லைகளைப் பொருட்படுத்தாமல் இருப்பதுதானே திதிக்ஷை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் பிற்பகல் இளம் பிரம்மச்சாரி ஒருவர் ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து மேசைமீது வைத்து, “சுவாமிஜி, காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் அருந்தவில்லையே” என்றார். சிந்தனை கலைந்த எரிச்சலில் அவரைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். அவர் மௌனமாகத் திரும்பிச் சென்றார். செம்பு நிறைய நீர் அப்படியே இருந்தது.

அன்று நள்ளிரவில் இடுப்பின் ஒருபுறம் தொடங்கிய வலி அடிவயிறுவரை வெட்டி இழுத்தது. மருத்துவமனையில் சோதித்தபோது சிறுநீரகக் கல் என்று தெரிந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, “நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?” என்பதுதான். எனக்கு விடை தெரியவில்லை.

இரண்டு நாட்களுக்குப் பிறகு, எங்கள் ஆசிரமத்தின் மூத்த துறவி ஒருவர் என் அறைக்கு வந்தார். நலம் விசாரித்தபின் புன்னகையோடு சொன்னார்: “தாகத்தை வென்றுவிட்டதாக நினைத்தாயோ? உடல் கேட்டது தண்ணீர், அதை மறுத்தாய். மனம் கேட்டது கோபம்; அதைத் தாராளமாகக் கொடுத்தாய். மறுக்க வேண்டியது எது, கொடுக்க வேண்டியது எது என்பதை மாற்றிவிட்டாயப்பா.”

அதன்பின் சரக சம்ஹிதையின் ஓர் அத்தியாயத்தைப் படிக்கும்படி அவர் என்னைப் பணித்தார். இக்கட்டுரை அன்று தொடங்கிய சிந்தனையின் பயன்.

சரகர் தரும் இரண்டு பட்டியல்கள்

ஆயுர்வேதத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் ஏழாவது அத்தியாயம் ‘வேகங்களை’ப் பற்றியது. வேகம் என்றால் இங்கே விரைவு என்று பொருளல்ல. உள்ளிருந்து எழும் உந்துதல் என்று பொருள். அத்தியாயத்தின் பெயரே ‘வேகங்களை அடக்கலாகாது’ என்ற கருத்திலிருந்து அமைந்தது. பசி, தாகம், உறக்கம், கண்ணீர், தும்மல், ஏப்பம், கொட்டாவி, வாந்தி, மலம், சிறுநீர், கடும் உழைப்புக்குப்பின் எழும் பெருமூச்சு உள்ளிட்ட 13 வேகங்களை அடக்கக் கூடாதவை என்று சரகர் வகுக்கிறார். ஒவ்வொன்றையும் அடக்கினால் என்னென்ன நோய் வரும், அதற்கு என்ன பரிகாரம் என்பதையும் கூறுகிறார். நம் சித்த மருத்துவ மரபு, இருமலையும் இளைப்பையும் சேர்த்து, இவ்வகை வேகங்களைப் பதினான்காகக் கொள்கிறது.

இம்மட்டில் நின்றிருந்தால் அது வெறும் மருத்துவ அறிவுரை. ஆனால் அதே அத்தியாயத்தில், அடுத்த சில வரிகளிலேயே, சரகர் இரண்டாவது பட்டியலைத் தருகிறார். அவை அடக்கியே தீரவேண்டிய வேகங்கள். பேராசை, சோகம், அச்சம், கோபம், செருக்கு, நாணமின்மை, பொறாமை, அளவு மீறிய பற்று, பிறர் பொருளை விரும்புதல் ஆகியவை மனத்தின் வேகங்கள். கடுஞ்சொல், மிகைப்பேச்சு, கோள், பொய், காலமறியாப் பேச்சு ஆகியவை வாக்கின் வேகங்கள். பிறரைத் துன்புறுத்தல், பிறன்மனை நாடல், திருட்டு ஆகியவை உடலின் செயல் வேகங்கள். நலத்தோடு வாழ விரும்புபவன் இவற்றை இம்மைக்காகவும் மறுமைக்காகவும் அடக்கவேண்டும் என்கிறது நூல்.

உடலின் இயல்பான அழைப்பும் மனத்தின் கட்டுக்கடங்காத உந்துதலும் நமக்குள் ஒரே மாதிரியான அவசரத்துடன்தான் எழுகின்றன. இரண்டுமே ‘இப்போதே வேண்டும்’ என்கின்றன. ஆனால் ஒன்றுக்குச் செவிசாய்க்க வேண்டும்; மற்றொன்றை நிறுத்திவைக்க வேண்டும். இந்த விவேகம் தவறுவதையே ஆயுர்வேதம் ‘பிரஜ்ஞாபராதம்’, அதாவது அறிவு செய்யும் பிழை என்று அழைக்கிறது. நுண்ணறிவும் மன உறுதியும் நினைவும் நழுவியவன் செய்யும் காரியம் அது. எல்லாத் தோஷங்களையும் சீற்றங்கொள்ளச் செய்வது அதுவே என்பது சரகரின் கருத்து.

இன்றைய நம் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். அலுவலகக் கூட்டத்தில் சிறுநீரை அடக்குகிறோம்; அதே கூட்டத்தில் சக ஊழியர்மீது எழும் பொறாமையை அடக்குவதில்லை. உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது தொலைக்காட்சிக்காகவும் கைபேசிக்காகவும் அதை விரட்டுகிறோம். நாக்கின் நுனிவரை வந்த கடுஞ்சொல்லை விரட்டுவதில்லை. பசியில்லாதபோது உண்கிறோம், பசிக்கும்போது வேலை என்கிறோம். சரகரின் இரு பட்டியல்களையும் தலைகீழாக்கிக்கொண்டு வாழ்கிறோம் அல்லவா?

வலி என்னும் காவலன்

உடலின் அழைப்புகளில் யாரும் விரும்பாதது வலி. அது இல்லாத உடல் எப்படியிருக்கும் என்பதை நம் நாட்டில் வாழ்ந்த ஒரு மருத்துவர் கண்டறிந்தார்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அந்நாளில் பலரும் நம்பியிருந்தனர். பிராண்ட் நோயாளிகளுடன் நெருங்கிப் பழகி, அவர்களின் அன்றாடச் செயல்களைக் கவனித்தார். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுகிறது. அதன்பின் சூடான பாத்திரத்தைத் தொட்டாலும், காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. சிதைவின் பெரும்பகுதி இப்படிக் கவனியாமல் விடப்பட்ட காயங்களால் விளைவது என்று அவர் கண்டார்.

ஒரு முறை துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் முன்வந்து சாவியைப் பற்றித் திருகித் திறந்துவிட்டான். சின்னஞ்சிறு கைக்கு இத்தனை வலிமையா என்று அவர் வியந்து பார்த்தபோது தரையில் இரத்தத் துளிகள் தெரிந்தன. சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. அது வலிமையன்று, வலியுணர்வு இல்லாமை.

பிற்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, வலியுணர்வை இழந்தவர்களுக்காகச் செயற்கையான வலிக்கருவி ஒன்றை உருவாக்க அவரும் அவருடைய குழுவினரும் முயன்றனர். அழுத்தம் அபாய அளவை எட்டியதும் அது முதலில் ஒலியால் எச்சரிக்கும். பின்னர் மின்னதிர்வு தரும்படி மாற்றியமைத்தார்கள். முயற்சி தோல்வியடைந்தது. கருவியின் குறைகள் ஒருபுறமிருக்க, ஆழமான காரணம் வேறு. எச்சரிக்கை வரும் என்று தெரிந்த செயலைச் செய்ய விரும்பியபோது, நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு அச்செயலைச் செய்தார்கள்! எச்சரிக்கையை அணைக்கும் விசை மனிதன் கையில் இருந்தால், அவன் ஆசை அதை அணைத்துவிடும். இறைவனின் படைப்பில் வலி நம் விருப்பத்திற்கு அப்பால் வைக்கப்பட்டிருப்பதன் பொருளை இதிலிருந்து உணரலாம். பிராண்ட் தமது நூலில் வலியை ஒரு கொடை என்றே வருணித்தார். அவர் 2003-இல் காலமானார். தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகக் கூடியது. ஆனால் அவர் கற்பித்த பாடம் மறையவில்லை. நீண்டகால நீரிழிவினால் கால்களில் உணர்வு குறைந்தவர்கள் நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதே காரணத்தால்தான்.

உணர்வு இழந்தவர்கள் செய்வதறியாமல் காயமுறுகிறார்கள். உணர்வு இருந்தும் கேளாதவர்களாகிய நமக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இருவழிப் பாதை

உடலும் மனமும் ஒன்றையொன்று பாதிப்பதை நம் முன்னோர் ‘ஆதி’, ‘வியாதி’ என்ற இரு சொற்களால் குறித்தார்கள். மனத்தின் நோய் ஆதி. உடலின் நோய் வியாதி. ஆதியிலிருந்து வியாதி எவ்வாறு பிறக்கிறது என்பதை யோக வாசிஷ்டம் விளக்குகிறது. பதஞ்சலி முனிவர் இன்னும் நுட்பமாகப் பேசுகிறார். யோகத்திற்கு இடையூறான ஒன்பதைச் சமாதி பாதத்தின் 30-ஆவது சூத்திரத்தில் அடுக்கும்போது, வியாதியைத்தான் முதலில் வைக்கிறார். அடுத்த சூத்திரத்தில், சிதறிய மனத்தின் உடன்பிறப்புகளாகத் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகிய நான்கைக் கூறுகிறார். உற்று நோக்குங்கள்: முதல் இரண்டு உள்ளே நிகழ்பவை, பின் இரண்டு உடலில் தென்படுபவை. மனம் சிதறியிருப்பதை மனமே ஒப்புக்கொள்ளாதபோது, மூச்சு அதைச் சொல்லிவிடும்.

இதைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒரு மருத்துவருக்குக் கிடைத்தது. 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் காயம் முழுவதும் மூடாமல், இரைப்பைக்குள் ஒரு துளையாகவே நிலைத்துவிட்டது. அத்துளையின் வழியே பல ஆண்டுகள் செரிமானத்தை ஆராய்ந்து 1833-இல் பியூமாண்ட் நூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் ஒன்று: அம்மனிதர் கோபமும் எரிச்சலும் கொண்டபோது இரைப்பையின் உட்புறத் தோற்றமே மாறியது, செரிமானம் தடைப்பட்டது. உண்ணும்போது மௌனமும் பிரார்த்தனையும் வேண்டும் என்று நம் பெரியோர்கள் வைத்த வழக்கத்தின் அருமை இங்கே புலப்படுகிறது.

மனத்திலிருந்து உடலுக்கு மட்டும் செய்தி செல்வதில்லை. மூளையையும் இதயம், நுரையீரல், குடல் முதலிய உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை என்று உடற்கூறு ஆய்வுகள் கூறுகின்றன. அதாவது, உடல் கேட்பதைவிட அதிகமாகப் பேசுகிறது. உறக்கம் கெட்ட மறுநாள் சிறு சொல்லும் பெரிய அவமானமாகத் தோன்றுவதும், பட்டினியில் பொறுமை வற்றிவிடுவதும் நம் அனுபவம். அன்று நான் அந்தப் பிரம்மச்சாரிமீது கொண்ட கோபத்தில் நான் மறுத்த தண்ணீருக்கும் பங்கு இருந்திருக்கும். அடக்கக் கூடாததை அடக்கினால், அடக்க வேண்டியதை அடக்கும் ஆற்றலும் குறைந்துபோகிறது.

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மிகையாக உண்பவனுக்கும் உண்ணாமலே இருப்பவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவான் அருளியதன் காரணமும் இதுவே. கடுந்தவத்தால் உடல் நலிந்த சித்தார்த்தர், சுஜாதை அளித்த பாயசத்தை ஏற்ற பின்னரே போதி மரத்தடியில் அமர்ந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

கண்ணீரும் சோகமும்

சரகரின் பட்டியல்களில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் ஒன்று உண்டு. அடக்கக் கூடாதவற்றுள் கண்ணீர் இருக்கிறது. அடக்க வேண்டியவற்றுள் சோகம் இருக்கிறது. இது முரண்பாடு அல்லவா?

விடை நூலிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் அம்மையாரிடமிருந்து கிடைத்தது. பல ஆண்டுகளாக எங்கள் வகுப்புகளுக்கு வருபவர். கணவர் திடீரென்று மறைந்தபோது, சுற்றத்தார் அவரிடம், “இத்தனை காலம் வேதாந்தம் கேட்டவர் அழலாமா?” என்றார்கள். அவரும் அழவில்லை. எல்லோரும் வியந்தார்கள். ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் வந்தபோது, நெஞ்சில் பாறை வைத்தாற்போல் இருக்கிறது, உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை என்றார். இதய மருத்துவரிடம் சோதித்தாயிற்று. குறையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். “அம்மா, அவருக்காக நீங்கள் அழுதீர்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கின. நெடுநேரம் அழுதார். நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே அன்று நான் செய்த நல்ல காரியம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

சில வாரங்களுக்குப்பின் அவர் வந்தபோது சொன்னார்: “துக்கம் போகவில்லை சுவாமி. ஆனால் இப்போது கீதையைத் திறந்தால் எழுத்து தெரிகிறது.”

கண்ணீர் உடலின் வேகம். அது தானே எழும், தானே வடியும். சோகமோ, ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி? இனி எனக்கு என்ன இருக்கிறது?’ என்று மனம் மீண்டும் மீண்டும் நெய்துகொள்ளும் வலை. முன்னதைத் தடுத்தால் பின்னது உறைந்துவிடுகிறது. கண்ணீருக்கு வழிவிட்டு, சோகம் நம்மை இழுத்துச் செல்லாமல் காப்பதே தைரியம். வேதாந்தம் கேட்டவர் அழலாம், அழுகையையே வீடாக்கிக்கொள்ளலாகாது.

இரு தவறுகள்

உடலின் குரலைக் கேட்பதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. முதலாவது, ‘எல்லாம் மனம்தான், மனத்தைச் சரிசெய்தால் போதும்’ என்று மருத்துவரைத் தவிர்ப்பது. இது பக்தியன்று, பிரஜ்ஞாபராதமே. மார்பில் அழுத்தும் வலி தோன்றி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினாலும், முகத்தின் ஒருபக்கம் கோணினாலும், ஒரு கை திடீரென்று வலுவிழந்தாலும், பேச்சு குழறினாலும் ஜபமாலையை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஜபத்தைச் செல்லும் வழியில் செய்யலாம். காரணமின்றி எடை குறைவதும், மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் காண்பதும் தாமதமின்றிக் கவனிக்க வேண்டியவையே. அந்த அம்மையாரும் முதலில் இதய மருத்துவரிடம் சென்றார் என்பதைக் கவனியுங்கள். அதுவே சரியான வரிசை.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு ஏப்பத்தையும் ஒவ்வொரு துடிப்பையும் நோயாக எண்ணி, உடலையே நாள் முழுவதும் தியானித்துக்கொண்டிருப்பது. இதுவும் அச்சம் என்ற வேகத்தை அடக்காமையே. வாயிற்காவலன் குரல் கொடுத்தால் சென்று பார்க்கவேண்டும். அவன் அருகிலேயே நாளெல்லாம் அமர்ந்திருக்கத் தேவையில்லை.

எப்படிப் பிரித்தறிவது?

சாதகர்கள் அன்றாட வாழ்வில் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறி நிறைவு செய்கிறேன்.

முதலாவதாக, எழுந்த உந்துதலிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உனக்கு எது கொடுத்தாலும் போதுமா?’ உண்மையான பசி பழைய சோற்றையும் ஏற்கும். ஆசையோ குறிப்பிட்ட பலகாரத்தையே கேட்கும். உண்மையான தாகம் வெறும் நீரில் தணியும். உடலின் தேவைக்கு ‘போதும்’ என்று சொல்லத் தெரியும்; ஆசைக்கு அச்சொல் தெரியாது.

இரண்டாவதாக, காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் இரண்டு நிமிடம் அமைதியாக அமர்ந்து, நெற்றி, தாடை, தோள், மார்பு, வயிறு என்று வரிசையாகக் கவனத்தைச் செலுத்துங்கள். எங்கே இறுக்கம் இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்ற முயலவேண்டாம், பார்த்தால் போதும். இறுகிய தாடை, நாம் ஒப்புக்கொள்ளாத ஒரு கோபத்தைக் காட்டிக்கொடுக்கலாம்.

மூன்றாவதாக, கோபமோ பொறாமையோ எழும்போது, பேசுவதற்கு முன், ‘நான் உண்டேனா? உறங்கினேனா? நீர் அருந்தினேனா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடலுக்கு உரியதை முதலில் கொடுங்கள். எஞ்சி நிற்பதுதான் மனத்தின் வேகம். அதை அப்போது விவேகத்தால் நிறுத்துவது எளிதாகும்.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேரோட்டியாகவும் உருவகிக்கிறது. தேரில் அமர்ந்திருக்கும் தலைவன் ஆன்மா. நாம் தேர் அல்ல என்பது உண்மை. ஆனால் இலக்கை அடையும்வரை பயணம் தேரில்தான். நல்ல தேரோட்டி அச்சு கிறீச்சிடும் ஒலியைக் கேட்டால் இறங்கி எண்ணெய் இடுவான்; குதிரைகள் தறிகெட்டு ஓடினால் கடிவாளத்தை இழுப்பான். அச்சு முனகும்போது கடிவாளத்தை இழுப்பதும், குதிரைகள் ஓடும்போது எண்ணெய் இடுவதும் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

நலமடைந்து எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்தப் பிரம்மச்சாரியைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே மீண்டும் ஒரு செம்பு நீர் கொண்டுவந்தார். அதைக் கடைசிச் சொட்டுவரை பருகினேன். அன்று முதல் என் மேசையில் நூல்களோடு ஒரு செம்பும் இருக்கிறது.